தண்ணீர் வடியும் பக்கம்

அன்புள்ள ஐயா,

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறேன். மகனுக்குப் பதினேழு வயது. ஆறு வருடமாக இங்கே ———— மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறான். ஐந்தடி பதினோரு அங்குலம் உயரம். முதல் அடியில் 280 கஜம் அடிக்கிறான். சென்ற ஆண்டு அவனுக்கு வெளிநாட்டு மட்டைகள் முழுச் செட்டாக வாங்கிக் கொடுத்தேன். இங்கே மட்டைப் பை தூக்கும் ஒரு கேடிப் பெரியவர் அவனுக்கு உதவியாக இருக்கிறார். இப்போது கல்லூரி வேண்டாம், தொழில்முறை ஆட்டக்காரனாகப் போகிறேன் என்கிறான். அவன் அம்மா சாப்பிடாமல் இருக்கிறாள். கோல்ஃப் ஆட்டக்காரர் எஸ்.எஸ்.பி. சௌரசியாவைப் பற்றிப் படித்தேன். வறுமை செதுக்கிய சிற்பம் அவர். என் மகனுக்கு அந்த வறுமை இல்லையே, அதுதான் குறையோ என்று தோன்றுகிறது. அனுப்பலாமா? கோல்ஃபுக்கு நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதா? இது பணக்கார விளையாட்டு என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மைதானத்தின் பெயரை நான் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். கோல்ஃப் என்றே எழுதுங்கள். குழிப்பந்தாட்டம் என்று ஒரு சொல் புழங்குகிறது. அதைக் கேட்டால் எனக்குப் பாட்டியின் பல்லாங்குழிதான் நினைவுக்கு வருகிறது. பணக்கார விளையாட்டு என்று உறவினர்கள் சொல்வது உண்மை. உண்மைக்கு எதற்குப் பதில்? கேலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் விஷயம். அந்த 280 கஜத்தில் பாதி மகிழ்ச்சியை இப்போதே குறைத்துக்கொள்ளுங்கள். நம் மலையில் காற்று மெலிந்தது. ஆறாயிரம், ஏழாயிரம் அடி உயரத்தில் பந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பறக்கும். பையன் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ இறங்கி அதே அடியை அடித்தால், பந்து முன்னாலேயே விழுந்து அவனைப் பார்த்து விழிக்கும். முதலில் கீழே போய் ஒரு மாதம் ஆடிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவன் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் சம்பளம் கிடையாது. கிரிக்கெட்டில் பூஜ்யத்தில் அவுட்டானாலும் ஆட்டத்துக்கு உண்டான ஊதியம் வந்துவிடும். இங்கே நான்கு நாள் ஆட்டம், நாளுக்குப் பதினெட்டுக் குழிகள். இரண்டாம் நாள் மாலையில் ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்குக் கீழே நிற்கும் ஏறத்தாழ பாதிப் பேர் அன்றிரவே பெட்டி கட்டவேண்டும். பெரும்பாலும் ஒரு ரூபாய் கிடைக்காது. ரயில் கட்டணம், அறை வாடகை, பை தூக்கியவருக்குக் கூலி எல்லாம் சொந்தக் காசு. ஐரோப்பியப் போட்டிகளில் மொத்தப் பரிசில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முதலாமவருக்கே போய்விடும். ஜெயித்தவருக்கும் நிம்மதி இல்லை. அர்ஜுன் அட்வால் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிச் சுற்றில் ஆடும் தகுதியையே இழந்திருந்தார். அடுத்த சில வாரங்களில், 2010 ஆகஸ்டில், திங்கட்கிழமை நடக்கும் தகுதி ஆட்டத்தின் வழியாக உள்ளே நுழைந்து விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்றார். அந்தச் சுற்றில் வென்ற முதல் இந்தியர் அவர்தான். அந்தத் திங்கட்கிழமை ஓர் அடி பிசகியிருந்தால் அவர் விமானத்தில் திரும்பிக்கொண்டிருப்பார். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் பையன் போகிறேன் என்றால் அனுப்புங்கள். மூன்று வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியை அஞ்சல் வழியில் முடிக்கட்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் ‘வறுமை செதுக்கிய சிற்பம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழையது இல்லை. சௌரசியாவின் தந்தை அங்கே புல்தரை பராமரிப்பவராக இருந்தார். அப்படிப்பட்ட இடங்களில் வேலையாட்களின் பிள்ளைகள் எத்தனை பேர் வளர்ந்திருப்பார்கள்? எல்லாருக்கும் அதே வறுமை, அதே உளி. சிற்பம் ஒன்று வெளிவந்தது. உடைந்து விழுந்த கற்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. வறுமை அவருக்கு என்ன கொடுத்தது என்கிறீர்கள்? காலணி கொடுத்ததா, மட்டை கொடுத்ததா? உங்கள் பையனுக்கு வறுமை இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். ஐயா, எத்தனை கிலோ வேண்டும், சொல்லுங்கள். உங்கள் தொழிற்சாலை வாசலில் கொழுந்து நிறுக்க நிற்பவர்களிடம் மிச்சமிருக்கிறது, வாங்கித் தருகிறேன்.

சௌரசியா தூரம் அடிப்பவர் அல்ல. குழியை நெருங்கியபின் அவர் காட்டும் நுணுக்கம்தான் அவருடைய ஆட்டம். குழிக்கு அருகே பந்தை மெல்லத் தூக்கிப்போடும் சிப், தரையோடு உருட்டிவிடும் புட் இரண்டையும் அவர் பெயரோடு ஒட்டி ‘சிப்புட்சியா’ என்றே சக ஆட்டக்காரர்கள் கூப்பிட்டார்கள். 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் வென்றார். 2015 இந்தியன் ஓப்பனில் அனிர்பன் லாஹிரியிடம் கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். அடுத்த வருடம் அதே போட்டியை வென்று, 2017இல் மறுபடியும் வென்றார். இதெல்லாம் வறுமையின் வேலை இல்லை. புல்லோடு பிறந்து வளர்ந்த அறிவின் வேலை. காலையில் புல் எப்படி இருக்கும், மாலையில் எப்படிப் படுக்கும், எந்த மேட்டில் பந்து தயங்கும் என்பதெல்லாம் தெரிந்த வீட்டிலிருந்து வந்தவர் அவர். பெங்களூரில் பை தூக்கிக்கொண்டிருந்த முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் வென்றதும் அப்படித்தான். ஒரு டாக்டரின் மகள் டாக்டரானால் ‘பரம்பரை ஞானம்’ என்கிறோம். புல்வெட்டுகிறவரின் மகன் ஜெயித்தால் மட்டும் ‘வறுமையை வென்றார்’. அவருடைய அப்பாவுக்கும் ஒரு ஞானம் இருந்தது என்று எழுத நமக்குக் கை வருவதில்லை.

கோபத்துக்கு மன்னியுங்கள். உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் பப்வா செவ்கோலம் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் போய்ச் சேர்ந்த நேட்டால் கரும்புத் தோட்டங்களின் வழிவந்த இந்தியர். (தமிழரா என்று கேட்டு யாரும் அடுத்த கடிதம் எழுதவேண்டாம்.) பை தூக்கியே ஆட்டம் கற்றார். மட்டையைத் தலைகீழாகப் பிடிப்பார். வலக்கை ஆட்டக்காரர்களுக்கு வலக்கை கீழே இருக்கவேண்டும், இவருக்கு இடக்கை கீழே. திருத்திக்கொடுக்க யாரும் இல்லை. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பன் வென்றார். 1963இல் சொந்த ஊரிலேயே நேட்டால் ஓப்பனை வென்றார். கிளப் கட்டடம் வெள்ளையர்களுக்கு மட்டும். அன்று மழை. மற்ற ஆட்டக்காரர்கள் உள்ளே நிற்க, இவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965இல் உலகப் புகழ்பெற்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் கேரி பிளேயரைத் தோற்கடித்து மறுபடியும் அதே கோப்பையை வென்றார். அதன்பின் நிறவெறி அரசாங்கம் போட்டிகளின் கதவையே அவருக்கு அடைத்துவிட்டது. 1978இல் இறந்தார். இன்று டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வருகிறார்.

நாங்கள் இலங்கையின் நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964 ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். நான் அப்போது நான்காம் வகுப்பு. பெரியப்பா அங்கே வார நாட்களில் தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டுவார். சரிவில் மண் கரையாமல் மழைத்தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்கு அங்கே கான் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் துரைகளுக்குப் பை தூக்குவார். இங்கே வந்து வேலை கிடைக்காத மாதங்களில் அவருக்குக் கைகொடுத்தது இரண்டாவது தொழில்தான். மைதானம், நீங்கள் எழுதியிருக்கும் அதே மைதானம்.

பள்ளியில் “பெரியப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டார்கள். “கேடி” என்றேன். வகுப்பே சிரித்தது. போலீஸ் பதிவேட்டில் இருப்பவனுக்கும் பை தூக்குபவனுக்கும் தமிழில் ஒரே சொல் வாய்த்தது என் துரதிர்ஷ்டம். வீட்டில் வந்து அழுதேன். பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்து, “பையன் பொய் சொல்லவில்லை” என்றார்.

விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். தொலைந்த பந்துகளைப் புதரில் தேடிக்கொடுப்பது என் வேலை. மூடுபனியில் பந்து போகும் திசையைக் காதால் கேட்டுப் பிடிக்கவேண்டும். உறைபனி விழுந்த தை மாதக் காலைகளில் புல்தரைமீது கால் வைக்க விடமாட்டார். பனி உருகுமுன் மிதித்தால் மிதித்த இடம் கருகி, ஒரு வாரத்துக்குக் கால்தடம் தெரியும். பனி போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியைச் சுற்றி ஒருமுறை நடப்பார். உறுப்பினர் ஒற்றைக் கண்ணை மூடி, மண்டியிட்டு, மட்டையைத் தொங்கவிட்டு என்னென்னவோ செய்துகொண்டிருப்பார். பெரியப்பா மெதுவாக, “இடது பக்கம் நாலு விரல், துரை” என்பார். கேட்டவர்களுக்குப் பந்து விழுந்தது. கேட்காதவர்கள் பந்தைத் திட்டினார்கள்.

“எப்படித் தெரிகிறது?” என்று கேட்டேன்.

“மேடு பள்ளத்தைப் பார்க்காதே. மலையில் கண் பொய் சொல்லும். இப்போது ஒரு மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று யோசி. பந்தும் தண்ணீர்தான்.”

இருபது வருடம் கான் வெட்டிய கைகளின் பேச்சு இது. வறுமை சொல்லிக்கொடுத்தது அல்ல. வறுமை சொல்லிக்கொடுத்ததெல்லாம் இரவல் மட்டையை எப்படித் தலைகுனிந்து கேட்பது என்பதை மட்டும்தான்.

வருடத்தில் ஒருநாள் பை தூக்குகிறவர்களுக்கும் போட்டி வைப்பார்கள். 1979 என்று நினைவு. யாரோ கழித்துவிட்ட ஐந்து மட்டைகளோடு ஆடிப் பெரியப்பா ஜெயித்தார். பரிசு ஒரு கம்பளி. சமையலறைப் பக்கத் திண்ணையில் வைத்துக் கொடுத்தார்கள். மழைகூட இல்லை, நல்ல வெயில். அதனால் படம் எடுக்கவும் ஒன்றுமில்லை. பரிசு கொடுத்தவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, “நம்பர் பதினேழு” என்று கூப்பிட்டார். கேடிகளின் சட்டையில் தகர வில்லை இருக்கும், அதில் எண் இருக்கும். பெரியப்பா போய் வாங்கிக்கொண்டார். உள்ளே வருடாவருடம் ஜெயித்தவர்களின் பெயர்களைப் பொன்னெழுத்தில் எழுதிய மரப்பலகை உண்டு. அதை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் அவர் அந்தக் கம்பளியைப் பிரிக்கவே இல்லை. பெரியம்மா பிரித்துப் பார்த்து, “கனமாக இருக்கிறது, நல்ல கம்பளி” என்றாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இன்றுவரை இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தை எடுத்து இன்னொருமுறை படியுங்கள். மகனின் உயரம் இருக்கிறது. எத்தனை கஜம் அடிக்கிறான் என்பது இருக்கிறது. மட்டைகள் வெளிநாட்டுச் செட் என்பதும் இருக்கிறது. ஆறு வருடமாக அவனோடு நடந்து, பனியிலும் மழையிலும் பை சுமந்து, ‘உதவியாக இருக்கும்’ பெரியவரின் பெயர் எங்கே? அவர் எந்த ஊர், அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள், அவருக்குக் குழந்தைகள் உண்டா, அவர்கள் ஆடுவார்களா? மேலாளர் ஐயா, தொழிற்சாலைக்கு வரும் கொழுந்தின் எடையை நீங்கள் இப்படியா எழுதுவீர்கள்?

வருத்தப்படாதீர்கள். சிரமப்பட்டு எழுதிய நல்ல கடிதம். மகனுக்காக இவ்வளவு யோசிக்கும் அப்பா கிடைத்தது அவன் அதிர்ஷ்டம். அவன் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருகிறேன். பையனும் வரட்டும், அந்தப் பெரியவரும் வரட்டும். அவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஏழாவது குழியில் தரை மேற்கே சாய்வதுபோலத் தெரியும். சென்ற மாதம் போய் நின்றேன், எனக்கும் அப்படியே தெரிந்தது. ஆனால் தண்ணீர் வடிவது கிழக்கே. அதை அவர் நான் கேட்குமுன்னே சொன்னாரென்றால், பையனை எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் இப்போதைக்கு அனுப்பவேண்டாம்.