உள்ளே கசக்கிறது, ஐயா

கேள்வி: ஐயா, எனக்கு வயது 58. ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் உபவாசம், மாதாமாதம் தசமபாகம், பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு ஆஸ்பத்திரி சந்திப்பு எல்லாம் உண்டு. ஆனால் அம்மாவின் நகையைப் பிரித்த நாளிலிருந்து என் அண்ணியைக் கண்டாலே நெஞ்சு கசக்கிறது. கோயிலில் அவர்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தால் பிரசங்கமே காதில் ஏறுவதில்லை. உள்ளான நீதி கிருபையின் ஈவு, அதாவது தேவன் இலவசமாய்த் தருவது, என்று எங்கள் சபை ஐயர் சொன்னார். அப்படியானால் எனக்கு மட்டும் அது ஏன் கிடைக்கவில்லை? திருவிருந்துக்குப் போகவே கூச்சமாயிருக்கிறது.
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். படிக்கும்போது என்னுடைய பழைய நாட்கள் கண்முன் வந்தன.

எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரு பனந்தோப்பு விஷயமாக ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஞாயிறுதோறும் அங்கி போட்டுக்கொண்டு சபைக்குப் பாவமன்னிப்பு கூறுவேன். குருமனைக்குத் திரும்பியதும் அண்ணன் முகம் நினைவுக்கு வரும், சோறு இறங்காது. இன்னும் ஒரு உபவாசம், இன்னும் ஒரு அதிகாலை ஜெபம் என்று கூட்டிக்கொண்டே போனேன். உள்ளம் முதலில் சுத்தமாகட்டும், பிறகு தேவன் ஏற்றுக்கொள்வார் என்பது என் கணக்கு.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார். 1728-இல் குருப்பட்டம் பெற்றவர். ஆக்ஸ்போர்டில் புதனும் வெள்ளியும் உபவாசம். சிறைக்குப் போய்க் கைதிகளைச் சந்திப்பார். 1736 ஜனவரியில் அமெரிக்காவுக்குப் போகிற வழியில் அவருடைய கப்பல் புயலில் சிக்கியது. உடன் வந்த மொரேவியர்கள் என்ற ஜெர்மானியச் சபையார் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள், வெஸ்லிக்கோ மரணபயம்.

1738 மே 24 அன்று மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். பவுல் எழுதிய ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி லூத்தர் தந்த முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு 8.45 மணிவாக்கில் வெஸ்லியின் நெஞ்சில் ஒரு அனல் பிறந்தது. கிறிஸ்து என் பாவத்தையும் நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்தது. இதைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கடுத்து நடந்ததைத்தான் நாங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். சற்று நேரத்திலேயே, 'இது விசுவாசமாயிருக்க முடியாது, சந்தோஷம் எங்கே?' என்ற எண்ணம் அவரைக் குத்தியது. வீடு திரும்பிய பிறகும் சோதனைகள் அலைக்கழித்தன. எல்லாம் அவரே நாட்குறிப்பில் எழுதியவை. ஈவைப் பெற்ற அதே இரவில், சகோதரி!

நீதி என்றதும் நமக்கு நீதிமன்றமும் தராசும்தான் நினைவுக்கு வருகின்றன. திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பு ரோமர் நிருபத்தில் 'ஏற்புடையவர்', அதாவது தேவனால் ஏற்றுக்கொள்ளப்பட்டவர், என்ற சொல்லை எடுத்தாளுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் வெகுவாக உதவியது. மகன் அழுக்கோடு வந்து நிற்கும்போதே தகப்பன் வாசலுக்கு ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். குளியலும் புதுத்துணியும் அதற்குப் பிறகு, அவர் வீட்டுக்குள்ளே.

இது எனக்குப் புரிந்த இடம் ஒரு ஓலைவீடு. பக்கவாதத்தில் கிடந்த ஒரு பாட்டியம்மாவுக்குத் திருவிருந்து கொடுக்கப் போயிருந்தேன். வலது கை மடங்கி இறுகிப் போயிருந்தது. இடது கையைத் தூக்கவும் வலுவில்லை. அப்பத்தை நாவில்தான் வைத்தேன். "கை நீட்டக்கூட முடியல ஐயரே, ஆனாலும் குடுத்துட்டாரே" என்று குழறினார். ரோமர் 4:5-ஐ இறையியல் கல்லூரியில் கிரேக்கத்திலேயே படித்தவன் நான். ஆனால் 'பாவியை நீதிமானாக்குகிறவர்' என்பதில் 'பாவியை' என்ற சொல் அந்தக் கயிற்றுக் கட்டிலருகே நின்றபோதுதான் என்னைத் தொட்டது. அண்ணன்மேல் கசப்போடு நின்ற என்னைத்தான் அது சொன்னது.

அப்படியானால் உள்ளம் மாறவே வேண்டாமா? மாறும். கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்று எசேக்கியேல் 36-இல் வாக்குக் கொடுத்தவர் அதைச் செய்கிறார். கல்லுக்கு வலி தெரியாது. கசப்பு உங்களை இப்படி வாட்டுகிறதே, அதையே அவர் உங்களுக்குள் வேலை செய்கிறதன் அடையாளமாக நான் பார்க்கிறேன். என் விஷயத்தில் அது மெதுவாகத்தான் நடந்தது. மறுமாதம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருவரோடொருவர் சரளமாகப் பேச இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. தோப்புப் பக்கம் போனால் இன்றும் சிலநாள் பழைய கசப்பு எட்டிப் பார்க்கும். அப்போது அதை ஒளிக்காமல் ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன்.

வருகிற திருவிருந்துக்குப் போங்கள். சுத்தமான பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். மத்தேயு 5:23-24-இல் இயேசு, 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தால் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். அண்ணிமேல் உங்களுக்குள்ள குறையை மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள்மேல் அவர்களுக்கு என்ன குறை என்று ஒரு வரிகூட இல்லை. ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போய், நகைப் பேச்சை எடுக்காமல், அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் இருவருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருப்பேன்.