பழைய மடிக்கணினிக்குப் புது வைஃபை கார்டு: காசு கொடுக்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: என்னுடையது 2015இல் வாங்கிய டெல் இன்ஸ்பிரான் மடிக்கணினி. எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் கூட்டிய பிறகு பள்ளி வேலைக்கு நன்றாகவே இருக்கிறது. வீட்டில் இப்போது 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. மகளின் கைப்பேசியில் 280 வரை வருகிறது. அதே மேசையில் வைத்துப் பார்த்தால் என் மடிக்கணினி 40ஐத் தாண்டுவதில்லை. ஒரு கடையில் கேட்டேன். "பழசாகிவிட்டது, புதுசு எடுங்கள்" என்றார்கள். உடன் வேலை செய்பவரோ வைஃபை கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லி, இன்டெல் ஏஎக்ஸ்210 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். யார் சொல்வதைக் கேட்பது?
(ஓர் ஆசிரியை, செந்தூல்)

பதில்: உடன் வேலை செய்பவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

40 என்ற எண்ணே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அந்தக் காலத்து விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில், ஒரே அலைவரிசையில், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும் 802.11என் என்ற பழைய வைஃபை வகைக் கார்டைத்தான் போட்டுக் கொடுத்தார்கள். வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒரு ஆன்டெனாவுடன் அதன் உச்ச இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ்தான். உண்மையில் கைக்கு வருவது அதில் பாதியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். நீங்கள் 300 வாங்கினாலும் 800 வாங்கினாலும் அந்தக் கார்டு 40ஐத்தான் கொடுக்கும். அது போதாதென்று, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடி வீடாக இருந்தால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாரும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே இடத்தில்தான்.

இருந்தாலும் ஊகத்தை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், வைஃபையில் உங்கள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். எந்த வகை, எந்த அலைவரிசை, இணைப்பு வேகம் என்ன, கார்டின் பெயர் என்ன எல்லாம் அங்கே இருக்கும். '802.11என், 2.4 கிகாஹெர்ட்ஸ், 72' என்று இருந்தால் குற்றவாளி கார்டுதான். 'ஏசி, 5 கிகாஹெர்ட்ஸ், 433' என்று, அதாவது அதற்கு அடுத்து வந்த வேகமான வகை என்று, இருந்தும் 40தான் வருகிறது என்றால் கார்டைத் தொடாதீர்கள். கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. அப்புறம், ரௌட்டரிலிருந்து நேராக ஒரு லான் கேபிள் செருகியும் சோதியுங்கள். 94, 95 என்று வந்து நின்றால் பயப்பட வேண்டாம். உங்கள் கணினியில் இருப்பது 100 மெகாபிட் துளை, அவ்வளவுதான். கணினி மற்றபடி நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

கார்டுதான் காரணம் என்று முடிவானால், அடுத்து மடிக்கணினியின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதைக் கார்டு வாங்கும் முன்பே செய்யுங்கள். ஏனென்றால் எந்தத் துளை இருக்கிறது என்பதுதான் எதை வாங்குவது என்பதை முடிவு செய்கிறது. ஏறக்குறைய 2014 வரை வந்தவற்றில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை இருக்கும். அதற்குப் பிந்தையவற்றில் எம்.2 துளை, 22க்கு 30 மில்லிமீட்டர் அளவுக் கார்டு. உங்களுடையது 2015 என்பதால் பெரும்பாலும் எம்.2 ஆக இருக்கும். சில மெல்லிய மடிக்கணினிகளில் வைஃபை சில்லைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் மாற்றும் பேச்சே இல்லை.

திறந்தவுடன் இன்னொன்றையும் பாருங்கள். கார்டிலிருந்து மெல்லிய வயர்கள் எத்தனை போகின்றன? அவை திரையைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஆன்டெனாவுக்குப் போகின்றவை. நல்ல மாடல்களில் இரண்டு இருக்கும், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. மலிவு மாடல்களில் ஒன்றோடு நிறுத்திவிட்டிருப்பார்கள். விளம்பரத்தில் காணும் 2400 எம்பிபிஎஸ் எல்லாம் இரண்டு ஆன்டெனா, 160 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதற்கு ஈடுகொடுக்கும் ரௌட்டர் மூன்றும் சேர்ந்தால்தான். ஒரே வயர் என்றால் எந்தக் கார்டு போட்டாலும் பாதிதான். அதற்காக மனம் தளர வேண்டாம். ஒரே ஆன்டெனாவில் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு 433 எம்பிபிஎஸ் பிடிக்கும். உங்கள் 300 திட்டத்துக்கு அதுவே கிட்டத்தட்டப் போதும்.

சரி, ஏஎக்ஸ்210 வாங்கலாமா? பொருந்தும், வேலையும் செய்யும். ஆனால் அதன் சிறப்பே 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். மலேசியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. அதைப் பயன்படுத்த, அந்த அலைவரிசை உள்ள வைஃபை 6இ வகை ரௌட்டரும் விண்டோஸ் 11உம் வேண்டும். உங்கள் 2015 மடிக்கணினியோ மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஆகவே 6 கிகாஹெர்ட்ஸ் இல்லாத, இதற்கு முந்தைய ஏஎக்ஸ்200 போதும். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் மட்டும் 210ஐ எடுங்கள். எப்படிப் பார்த்தாலும் புது மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட இது சில்லறைக் காசு. இந்த விஷயத்தில் விண்டோஸ் 10 பற்றிய கவலைதான் எனக்குப் பெரிது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. வேகத்தைச் சரிசெய்துவிட்டுப் பாதுகாப்பைக் கோட்டை விடாதீர்கள்.

வாங்குவதற்குக் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவின் பழுதுபார்க்கும் கடைகளுக்குக் கழற்றிய பழைய கார்டையே கையில் எடுத்துப் போவது நல்லது. அதே அளவு, அதே வாய் என்று காட்டிக் கேட்கலாம். இணையத்தில் வாங்கினால் வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் சேர்த்துத்தான் எது மலிவு என்று பார்க்க வேண்டும்.

மாற்றுவது கடினமில்லை. புதுக் கார்டுக்கான டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, முதலில் பதிவிறக்கம் செய்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார்டைக் கழற்றிய பிறகு இணையம் இருக்காது என்பது பலருக்குக் கழற்றிய பிறகுதான் ஞாபகம் வருகிறது. சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரி இணைப்பையும் பிரித்துவிடுங்கள். ஆன்டெனா வயரின் நுனியிலுள்ள சின்ன வட்டத்தை நேராக மேலே தூக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றியதும் கார்டு தானே சாய்ந்து எழும். திரும்பப் போடும்போது வட்டம் சரியாக மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். 'டிக்' என்று படியும். கை நடுங்கும் என்றால் கடையில் கொடுத்துவிடுங்கள். ஆனால் கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய திங்க்பேட் எக்ஸ்230 ஒன்றை வைத்திருக்கிறேன். இணையச் சந்தையில் உள்ளூர் விற்பனையாளர் ஒருவரிடம் வைஃபை 6 கார்டு வாங்கினேன். "எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். மாட்டியதும் திரையில் 1802 என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. கார்டை எடுத்தால் கணினி சாதாரணமாக ஓடுகிறது. விற்பனையாளர், "கார்டு நன்றாக இருக்கிறது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்கிறார். அவர் சொல்வது சரியா?
(ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: கார்டு நன்றாக இருக்கிறது என்பது சரி. திரும்பப் பெற மாட்டேன் என்பது சரியில்லை.

முதலில் கோளாறு. எக்ஸ்230 போன்ற பழைய திங்க்பேட்களின் பயாஸில், அதாவது கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று உள்ளேயே இருக்கிறது. அதில் இல்லாத கார்டைக் கண்டால் 1802 என்று சொல்லிக் கணினி நின்றுவிடும். பழைய எச்பி மடிக்கணினிகள் சிலவற்றிலும் இதே கதைதான், பிழை எண் மட்டும் 104. அலை பரப்பும் கார்டையும் ஆன்டெனாவையும் சேர்த்துச் சான்று வாங்கியிருக்கிறோம், அதனால் இந்தக் கட்டுப்பாடு என்பது இப்படிச் செய்யும் நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்பட்டு வந்த விளக்கம். வாங்கிய பொருளுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. லெனோவோவும் பிந்தைய மாடல்களில் இதைக் கைவிட்டுவிட்டது. டெல் கணினிகளில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

பயாஸை மாற்றி எழுதிப் பட்டியலை நீக்கும் வழிகள் எக்ஸ்230க்கு உண்டு. நடுவில் ஏதாவது தடங்கினால் மதர்போர்டே போய்விடும். வைஃபைக்காக அந்த ஆபத்தில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. இந்த மாடலுக்கென்றே லெனோவோ முத்திரையோடு வந்த இன்டெல் 6205 கார்டு பழைய பொருள் கடைகளில் கிடைக்கும். அது 5 கிகாஹெர்ட்ஸையும் பிடிக்கும், உச்ச இணைப்பு 300 எம்பிபிஎஸ். அதைவிட வேகம் வேண்டுமென்றால் யூஎஸ்பி 3.0 வைஃபை அடாப்டர். உங்கள் மடிக்கணினியின் இடப்பக்கத்தில் இருக்கும் நீலத் துளைகளில் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் ஏட்டளவிலேயே 480ஐத் தாண்டாது.

இனிப் பணம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம்தான். பொருள் அதன் வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 34ஆவது பிரிவு. 'எல்லா லேப்டாப்புக்கும்' என்று அவரே எழுதியிருக்கிறார், உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடிப்பதால் சட்டம் கொடுக்கும் உரிமை போய்விடாது. இந்த வாசகத்தைப் பினாங்கின் கொம்தார் கடைகள் பக்கமும் பார்க்கிறோம், எல்லாப் பக்கமும் பார்க்கிறோம், ஏதோ நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய வாசகம்போல. வெறுமனே 'வைஃபை 6 கார்டு, மினி பிசிஐ எக்ஸ்பிரஸ்' என்று மட்டும் அவர் போட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகியிருக்கும். பொருத்தம் பார்க்க வேண்டியது அப்போது நீங்கள்தான்.

விளம்பரப் பக்கத்தையும் அவரோடு நடந்த உரையாடலையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு வாசகம் மாறியிருக்கலாம். பிழைத் திரையையும் கைப்பேசியில் படமெடுங்கள். சந்தைத் தளத்தின் திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் முதலில் அங்கேயே 'விவரத்துக்கு ஒவ்வாத பொருள்' என்று கோருங்கள். அதுதான் விரைவான வழி. கெடு முடிந்துவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, நீங்களே பேசலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். இந்தத் தொகைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தோன்றும். பெரும்பாலும் மனுவின் நகலைக் காட்டிய உடனேயே விற்பனையாளரின் குரல் மாறிவிடும். ஒன்று மட்டும் கவனம்: விற்றவர் வியாபாரியாக இல்லாமல், வீட்டில் கிடந்த பழையதை விற்ற தனியாளாக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது.

கேள்வி: இணைய நிறுவனம் புது வைஃபை 6 ரௌட்டர் கொடுத்தது. அதிலிருந்து என் பழைய மடிக்கணினியில் வீட்டு வைஃபையின் பெயரே தெரிவதில்லை. பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன! கார்டு மாற்ற வேண்டுமா?
(காஜாங்)

பதில்: வேண்டாம், பணத்தைப் பையிலேயே வையுங்கள். இன்டெல்லின் பழைய ஏசி வகைக் கார்டுகள் சிலவற்றில், டிரைவர் பழசாக இருந்தால் வைஃபை 6 ரௌட்டரின் பெயர் கண்ணில் படாது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, இன்டெல் தளத்திலிருந்து புது டிரைவரை எடுத்துப் போடுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் ஏஎக்ஸ் (வைஃபை 6) முறையை அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஏஎக்ஸ்210ஐவிட ஏஎக்ஸ்211 மலிவாகக் கிடைத்ததால் வாங்கினேன். எண் கூடியது என்றால் புதியது என்றுதானே அர்த்தம்? ஏஎம்டியின் ரைசன் செயலி உள்ள எச்பி மடிக்கணினி. கார்டு இருப்பதாகவே காட்டவில்லை.
(பட்டர்வொர்த்)

பதில்: 211 முழுக் கார்டு இல்லை. அதன் வேலையில் ஒரு பகுதியை இன்டெல் தன் செயலிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. அதனால் பொருத்தமான இன்டெல் செயலி உள்ள கணினியில் மட்டும்தான் அது உயிர் பெறும். ரைசனில் ஒருக்காலும் ஓடாது. ஏஎக்ஸ்201உம் அப்படித்தான். மலிவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு 210ஐயோ, ஏஎம்டி மடிக்கணினிகளிலேயே பரவலாக வரும் மீடியாடெக் எம்டி7922ஐயோ கேளுங்கள். வைஃபை 7 என்று ஆசை காட்டி இன்டெல் பிஇ200ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஏஎம்டியில் அதுவும் தகராறு செய்யும்.