நாய்க்கு மூக்கு ஒழுகுகிறதா? எந்தப் பக்கம்?

கேள்வி: டாக்டர், நேற்றிலிருந்து மூக்கில் தண்ணீர் மாதிரி வருகிறது. சாப்பாடு, ஓட்டம் எல்லாம் வழக்கம்போல. உடனே வரணுமா?

பதில்: இரண்டு பக்கமும் தெளிந்த நீர்தான் என்றால் ஓரிரு நாள் பொறுக்கலாம். தூசி, புகை, பெயிண்ட் நெடிகூடக் காரணமாகும். கெட்டியானாலோ, இருமினாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ வாருங்கள். உங்கள் சளி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஒன்பது வயது நாய். ஒரு மாதமாக மஞ்சள் சளி. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நிற்கிறது, விட்டால் திரும்புகிறது.

பதில்: எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே! நான் முதலில் கேட்பது அதைத்தான். ஒரே பக்கம் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் வரவேண்டும்: சிக்கிய புல் நுனி, பல் வேரில் சீழ், பூஞ்சை, கட்டி. மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குக்கும் நடுவே மெல்லிய எலும்புதான். சீழ் அதை அரித்தால் மூக்கு வழியே வடியும். பூஞ்சை என்றால் துவாரத்தின் ஓரம் வெளுத்துப் புண்ணாகலாம், தொட்டால் வலிக்கும். வயதான நாயில் கட்டியையும் மறக்கக்கூடாது. அது ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கமும் பரவலாம். குளிர்ந்த கண்ணாடியை மூக்கருகே பிடியுங்கள். ஒரு துவாரத்தின் ஆவி மட்டும் படியவில்லை என்றால் அந்தப் பக்கம் அடைப்பு. மயக்கம் கொடுத்துப் பல் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்க வேண்டிவரும். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சும்மா பயமுறுத்துகிறீர்கள். வீட்டில் மீதமிருந்த ஆன்டிபயாட்டிக்கிலேயே எங்கள் நாய்க்குச் சரியாகிவிட்டது.

பதில்: சரியானதா, அடங்கியதா? மேலே தொற்றிய பாக்டீரியாவைத்தான் மருந்து குறைக்கும். புல்லும் சொத்தைப் பல்லும் உள்ளேயே இருக்கும்.

இன்னொருவர்: எங்களுக்கும் அப்படித்தான் நின்றது டாக்டர். கடைசியில் பல்லைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தது.

முந்தையவர்: உங்களுக்குப் பல். எங்களுக்கு வெறும் சளியாக இருக்கலாமே?

பதில்: இருக்கலாம். வெறும் சளி மருந்தில்லாமலே போயிருக்கும். அப்போதும் அந்த மாத்திரை வீண்தானே? சரி, அடுத்தவர்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி, தடுப்பூசி போடவில்லை. கண்ணிலும் மூக்கிலும் சீழ், சோர்வு.

பதில்: இன்றே. டிஸ்டெம்பர் என்ற, நாய்களிடையே பரவும் வைரஸ் நோயாக இருக்கலாம். மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள். கிளம்பும் முன் போனில் சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் இடத்தில் உட்காரவைக்க வேண்டாம்.

கேள்வி: மூக்கு காய்ந்திருக்கிறது. காய்ச்சலா?

பதில்: மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் சொல்ல முடியாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு.

கேள்வி: மூக்கு ஒழுகுகிறது, என்ன மாத்திரை கொடுக்கலாம்?

பதில்: எந்தப் பக்கம்? மேலே படியுங்கள்.

கேள்வி: மூக்கில் ரத்தம்!

பதில்: அமைதியாகப் படுக்கவைத்து, துணியில் சுற்றிய ஐஸை மூக்கின் மேல் வையுங்கள். தலையை அண்ணாத்த வேண்டாம், பஞ்சு திணிக்க வேண்டாம். உண்ணி இருந்ததா, எலி மருந்து தின்றிருக்குமா என்று யோசித்துக்கொண்டே கிளம்புங்கள்.

கேள்வி: டாக்டர், சளிக்கு நாங்கள் போடும் வலி மாத்திரை, இப்யூபுரூஃபன், ஒன்று கொடுத்துவிட்டேன்...

பதில்: மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இப்போதே டாக்டரிடம் போங்கள். வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். என் அடுத்த பதிலுக்கும்தான்.