நிழலுக்கு ஊதா, கண்ணுக்குப் புரையா?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஓவியங்களில் நிழலெல்லாம் நீலமும் ஊதாவுமாக இருக்கிறதே, அவருக்குக் கண்புரை இருந்ததுதான் காரணமா? நான் வெளியில் உட்கார்ந்து தீட்டும்போது நிழலுக்குக் கறுப்புதான் கலக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு, அழுக்கேறிய மாதிரி தெரிகிறது.

பதில்: புரை மேல் பழி போடும் முன் வருடத்தைப் பார்த்திருக்கலாம். மோனேக்குக் கண்புரை என்று மருத்துவர்கள் சொன்னது 1912இல். பனி மூடிய வயலில் வேலியின் நிழலை நீலமாகத் தீட்டிய 'மேக்பை' (ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை) ஓவியமோ 1868-69 குளிர்காலத்தது. அப்போது அவருக்கு வயது 28. பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனின் தேர்வுக்குழு அதை 1869இல் தள்ளிவிட்டது. படத்தில் கறுப்பென்று கண்ணில் குத்துவது வேலிப் படல் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பறவைதான்!

நிழலிலும் வெளிச்சம் உண்டு. சூரியன் நேராக எட்டாத அந்த இடத்துக்கு வானம் ஒளி கொடுக்கிறது. வானம் நீலமென்றால் நிழலிலும் நீலம் ஏறும். பக்கத்திலேயே வெயில் மஞ்சளாக விழுவதால் அந்த நீலம் ஊதாவுக்குச் சாய்ந்தாற்போலத் தோன்றும். அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று இப்படி மாற்றிக் காட்டுவதை பாரிஸில் சித்திரத் திரை நெய்யும் கோபெலின் ஆலையின் சாயப்பட்டறை வேதியியலாளர் செவ்ரூல் 1839லேயே புத்தகமாக எழுதிவிட்டார். சந்தேகமா? மேகமில்லாத காலையில் வெள்ளைத் தாளை வெயிலில் விரித்து, அதன்மேல் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். மேகமூட்டத்தில் இந்த நீலம் கிடைக்காது. அருகே செங்கல் சுவர் இருந்தால் நிழலில் அதன் சிவப்பும் கலக்கும். ஆகவே எல்லா நிழலுக்கும் ட்யூபிலிருந்து ஊதாவைப் பிதுக்காதீர்கள். அது கறுப்பைவிட மோசம்.

உங்கள் படத்தில் அழுக்கு வந்ததற்குக் கறுப்பே காரணம். வெள்ளையோடு சேர்ந்தால் சாம்பல், மஞ்சளோடு சேர்ந்தால் பாசிப் பச்சை. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள 1877ஆம் வருடத்து 'சான் லசார் ரயில் நிலையம்' ஓவியத்தில் இருட்டான இடங்களைக்கூட மோனே பெரும்பாலும் கோபால்ட் நீலம், பச்சை, வெர்மிலியன், கருஞ்சிவப்பு என்று பளிச்சென்ற வண்ணங்களைக் குழைத்தே உண்டாக்கினார். நீங்களும் பொருளின் சொந்த நிறத்தில் தொடங்கி, கோபால்ட் நீலம் கொஞ்சம், மேடர் சிவப்பு துளி என்று சேருங்கள்.

படம் இருண்டது வேறு கதை. கேன்வாஸ் மேல் வெயில் விழுந்திருக்கிறது. வெயிலில் எந்த வண்ணமும் இருப்பதைவிட வெளிறித் தெரியும். கை தானாகவே அடர்த்தியாகப் போடும். அதற்குத்தான் வெள்ளைக் குடை. கேன்வாஸ், வண்ணத்தட்டு இரண்டுமே அதன் நிழலில் இருக்க வேண்டும். பூப்போட்ட கலர் குடை வேண்டாம், அதன் சாயம் தட்டில் இறங்கும்.

முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் எல்லையை நீர்த்த வண்ணத்தில் குறித்துவிடுங்கள். பிறகு சூரியன் நகர்ந்தாலும் அந்தக் கோட்டை மாற்றாதீர்கள். மாற்றினால் ஒரே படத்தில் ஒன்பது மணி நிழலும் பதினொரு மணி நிழலும் சண்டை போடும். வெளிச்சம் மாறினால் மோனே அடுத்த கேன்வாஸை எடுத்துக்கொள்வார். 1891இல் காட்சிக்கு வைத்த வைக்கோற்போர் படங்கள் 15 வந்தது அப்படித்தான். அவற்றையும் பட்டறையில் வைத்துத் திருத்தியிருக்கிறார். உங்களிடம் ஒரே கேன்வாஸ்தான் என்றால், தூரிகையைக் கழுவிவிட்டு மறுநாள் அதே மணிக்குப் போய் உட்காருங்கள்.