காட்டு விலங்கின் வைரஸை ஆய்வகத்தில் வளர்த்து மருந்து கண்டுபிடிக்க முடியாதா?

யானைக் குட்டிகள் ஹெர்பிஸ் வைரஸால் சாகிற செய்தியைப் படித்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். கால்நடை வைரஸ் ஆய்வகம் ஒன்றின் செல் வளர்ப்புப் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். பல வைரஸ்களை வளர்க்க முடியும். நீங்கள் கேட்கிற அந்த வைரஸை மட்டும் எங்களால் முடியவில்லை, உலகத்தில் வேறு யாராலும் இதுவரை முடியவில்லை.

பாக்டீரியா என்றால் தட்டில் தேய்த்து வைத்தால் மறுநாள் முளைத்திருக்கும். வைரஸுக்கு உயிருள்ள செல் வேண்டும். நாங்கள் அதிகம் பயன்படுத்துவது வெரோ செல். 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. வைரஸ் வந்தால் பக்கத்துச் செல்களை எச்சரிக்கும் இன்டர்பெரானை அதனால் சுரக்க முடியாது. அதனாலேயே ஏகப்பட்ட வைரஸ்கள் அதில் வளர்கின்றன.

காலையில் வந்ததும் முதல் வேலை, இன்குபேட்டரிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. செல்களுக்கு ஊட்டம் தரும் ரோஸ் நிறத் திரவமான மீடியத்துக்கு அடியில் செல்கள் ஓடு பதித்த தரை மாதிரி நெருக்கமாக ஒட்டியிருக்கும். வைரஸ் பிடித்துவிட்டால் அந்தத் தரை அங்கங்கே பெயரும். செல்கள் உருண்டு, பிடி விட்டு மிதக்கும். அதைப் பார்க்கிற காலையில் எனக்கு இன்றைக்கும் கை நடுங்கும்.

ஆனால் எந்த வைரஸானாலும், செல்லின் மேல் அதன் சாவிக்குப் பொருந்தும் பூட்டாக ஒரு புரதம் இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் வைரஸ் 2018-இல் கிர் காட்டுச் சிங்கங்களிடம் பரவியது நினைவிருக்கும். இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் செத்தன. நோயுற்ற விலங்கிலிருந்து நேராக எடுத்த டிஸ்டம்பர் வைரஸ் சாதாரண வெரோவில் லேசில் வளராது. நாயின் ஸ்லாம் என்ற புரதத்தை வெரோவின் மேல் பதித்துக் கொடுத்தால் சில நாளிலேயே செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய திட்டுகளாகிவிடும். பூட்டு எது என்று தெரிந்ததால் வந்த வெற்றி அது.

யானை ஹெர்பிஸில் நாங்கள் திணறுவது இங்கேதான். 1995-இல் வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் குமாரி என்ற 16 மாதக் குட்டி இறந்தது. அதைத் தொடர்ந்த ஆய்வில்தான் இந்த வைரஸ் பிடிபட்டது, 1999-இல் கட்டுரை வெளியானது. ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைத்தான் அது தாக்குகிறது. தென்னிந்தியாவில் காட்டிலேயே பிறந்து வளர்ந்த குட்டிகளும் இதில் செத்திருக்கின்றன. ஒடிசாவின் நந்தன்கானனில் 2019-இல் ஒரு மாதத்துக்குள் நான்கு குட்டிகள் போயின.

சில வருடம் முன்பு ஒரு முகாமிலிருந்து எங்களுக்கு மாதிரி வந்தது. முந்தின நாள் வரை விளையாடிக்கொண்டிருந்த குட்டி. முகம் வீங்கி, நாக்கு நீலம் பாரித்து, மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. இதயத் துண்டை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தவர் அந்தக் குட்டியின் பாகன். வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையில் கோடு சீக்கிரமே ஏறியது, அவ்வளவு வைரஸ். செல்லில் போட்டோம். ஒரு வாரம் ஒன்றுமில்லை. அந்த மீடியத்தை எடுத்துப் புதுச் செல்லில் விட்டோம், பிறகு இன்னொரு முறை. 21-ஆம் நாளும் தரை அப்படியே, ஒரு செல்கூடப் பெயரவில்லை. பாகன் போன் செய்து, "சார், கிருமி வளந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

வளர்க்க முடியாததால் வரும் நஷ்டம் இதுதான்: மனிதர்களின் ஹெர்பிஸுக்கான ஃபாம்சைக்ளோவிர் மாத்திரையைத்தான் யானைக்கும் கொடுக்கிறார்கள். அது இந்த வைரஸை நிஜமாகவே தடுக்கிறதா, எவ்வளவு வேண்டும் என்று பிளாஸ்க்கில் சோதித்துப் பார்க்க வழியில்லை. குட்டியிடமே நேராகக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடுப்பூசிக்குச் சுற்றுவழி உண்டு. இறந்த குட்டிகளின் திசுவிலிருந்தே வைரஸின் முழு மரபணுவையும் 2013-இல் படித்துவிட்டார்கள். அதில் சில புரதங்களுக்கான குறிப்பை மட்டும் எடுத்துச் செய்த எம்ஆர்என்ஏ தடுப்பூசியை 2024 ஜூனில் ஹூஸ்டன் விலங்குக் காட்சிசாலையில் டெஸ் என்ற 40 வயது யானைக்குப் போட்டார்கள். எங்கள் ஆய்வகத்தில் அன்று அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தோம்.

வனத்துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முகாமில் யானை ஈன்றால் தொப்புள்கொடியைத் தூக்கி எறிய வேண்டாம். சுத்தமாக எடுத்து, உறைய விடாமல் ஐஸில் வைத்து, அன்றைக்கே ஏதாவது ஒரு வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்த வைரஸ் தாக்குகிற ரத்தக்குழாய் உட்சுவர் செல்களை அதிலிருந்து வளர்த்தெடுக்கலாம். பாகன் கொண்டு வந்த அந்தக் குட்டியின் இதயத் துண்டில் மூன்று குழாய் மைனஸ் 80 ஃப்ரீசரில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.