பச்சை உடம்புக்காரிக்கு வயிறு கட்டலாமா?

"என் மகளுக்குத் தலைப்பிரசவம். சிசேரியன் ஆகிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து பழைய நூல் புடவையை மடித்து வயிற்றில் இறுக்கிக் கட்டிவிடுகிறேன். எனக்கு என் அம்மா அப்படித்தான் கட்டினார். எனக்கு வயிறு தள்ளவில்லை. ஆனால் இவள் மூச்சு முட்டுகிறது என்கிறாள். தும்மினால் சிறுநீர் கசிகிறதாம். மலேசியாவில் இருக்கும் என் நாத்தனார், அங்கே கட்டுகிற நீளத் துணி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதைக் கட்டலாமா? என் மருமகளுக்கு ஆறு மாதம். கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. இடுப்பு வலிக்கு அவளும் இப்போதே துணி கட்டிக்கொள்ளலாமா?"
வாசகி, வலங்கைமான்

அம்மா, இதைப் படித்ததும் முதல் வேலையாக மகளின் கட்டை அவிழ்த்துவிடுங்கள். அவிழ்த்த சில நிமிடங்களில் மூச்சு சீரானால் இறுக்கம்தான் காரணம். அதற்குப் பிறகும் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் திணறினாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, காரணம் துணி அல்ல. உடனே 108-ஐ அழையுங்கள். பிரசவம் முடிந்த ஆறு வாரங்களில் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து மற்ற நாட்களைவிடப் பல மடங்கு அதிகம். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல். அதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன்.

மூச்சு சீராகிவிட்டது என்றால் நிதானமாகப் பேசலாம். வயிறு கட்டுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். பெண்களின் இடுப்பு, வயிற்றுத் தசைகளைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவராக, சிசேரியன் ஆன பலருக்கு நானே வயிற்றுப் பட்டை போடச் சொல்கிறேன். தையல் இழுக்காமல் எழுந்து நிற்கவும், இருமவும், நாலு எட்டு நடக்கவும் அது ஒரு பிடிமானம். முதல் சில நாட்களில் பட்டை கட்டியவர்களுக்கு வலி குறைந்ததாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. வயிறு சுருங்குவதற்குத்தான் அப்படி உறுதியான சான்று இல்லை.

"எனக்குச் சுருங்கியதே" என்பீர்கள். உண்மைதான், சுருங்கியிருக்கும். சுருக்கியது உங்கள் கருப்பையேதான். பிள்ளை பிறந்த அன்று கருப்பை தொப்புள் மட்டத்தில், ஏறக்குறைய 1 கிலோ எடையில் இருக்கும். ஒரு வாரத்தில் அதில் பாதியாகிவிடும். இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்கிவிடும். ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்து பழைய அளவைத் தொடும். கருப்பைத் தசை தானாகவே இறுகி இந்த வேலையைச் செய்கிறது. குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அதற்குத் துணை. பால் கொடுக்கும்போது அடிவயிறு சுரீரென்று பிடிக்கிறது என்று மகள் சொல்லியிருப்பாளே, அது இதுதான். நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரிக்கு நாற்பது நாள் என்று கணக்கு வைத்தார்கள். கருப்பை எடுத்துக்கொள்ளும் காலமும் அதேதான். இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் நம் பாட்டிமார்களை வணங்கத் தோன்றுகிறது. கட்டாவிட்டால் வயிற்றில் காற்று புகுந்துவிடும் என்ற பயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காற்று புகுவதற்கு அங்கே வழியே இல்லை.

இப்போது சிறுநீர்க் கசிவு. மகள் கூச்சத்தை விட்டுச் சொன்னாளே, அதுவே பெரிய காரியம். பல பெண்கள் வருடக்கணக்கில் சொல்வதில்லை. பாதி நிரம்பிய நெல் மூட்டையை நடுவில் கயிறு போட்டு இறுக்கினால் நெல் மேலும் கீழும் பிதுங்கும் இல்லையா? வயிற்றை நடுவில் இறுக்கினாலும் அப்படித்தான். மேலே போகிற அழுத்தம் மூச்சை முட்டும், நெஞ்செரிச்சல் தரும். கீழே போகிற அழுத்தம் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கி நிற்கும் இடுப்புத் தளத் தசைகள் மேல் இறங்கும். பத்து மாதம் சுமந்து ஏற்கெனவே தளர்ந்துபோன தசைகள் அவை. சிசேரியன் என்பதால் அவை தப்பித்துவிடுவதில்லை, சுமந்தது சுமந்ததுதானே. பிரசவத்துக்குப் பிறகு சில வாரம் கசிவு இருப்பது பலருக்கும் உண்டு. ஆனால் இறுக்கமான கட்டு அதைக் கூட்டும், அடியிறக்கம் (கருப்பை கீழே சரிவது) உள்ளவர்களுக்கு அதையும் மோசமாக்கும்.

ஆகவே கட்டும் முறையை மாற்றுங்கள். அறுவை செய்த மருத்துவரிடமோ வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ தையலைக் காட்டி, சரி என்று கேட்டுக்கொண்ட பிறகு தொடங்குங்கள். தையல் மேல் சுத்தமான, உலர்ந்த மெல்லிய பருத்தித் துணி இருக்கட்டும். மகளைப் படுக்க வைத்து, இடுப்பெலும்பைச் சுற்றி முதல் சுற்றைப் போட்டு, அங்கிருந்து மேல்நோக்கிச் சுற்றி வாருங்கள். கீழ்ச் சுற்று சற்று அழுத்தமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். விலா எலும்பை மூடவே வேண்டாம். முடிச்சு தையல் மேல் வரக்கூடாது. கட்டி முடித்ததும் இரண்டு விரல் தாராளமாக உள்ளே நுழைய வேண்டும். அவள் ஆழமாக மூச்சிழுத்து, தடையில்லாமல் ஒரு பாட்டுப் பாட முடிய வேண்டும். எழுந்து நடமாடும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். படுக்கும்போதும் தூங்கும்போதும் கட்டாயம் அவிழ்க்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் துணிக்குள் வியர்வை தேங்கினால் தையல் சீழ் பிடிக்கும், மடிப்புகளில் படை வரும். நனைந்தால் உடனே மாற்றுங்கள். கசிவு நிற்கும்வரை நான் உங்கள் மகளுக்குக் கட்டையே யோசித்துத்தான் கொடுப்பேன்: கட்டினால் கசிவு கூடுகிறது என்றால் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள், அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

நாத்தனார் கொடுத்தனுப்பியது மலாய்ப் பெண்கள் கட்டும் பெங்குங். இடுப்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை முடிச்சு மேல் முடிச்சாக ஏறும் கட்டு அது. கீழிருந்து மேல் என்ற அதன் முறை நல்ல முறை. அதையே பாதி உயரத்தோடு நிறுத்தி, தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். அதோடு அங்கே தடவும் சூட்டுப் பற்றுகளை மட்டும் தையல் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நம் வீட்டு வழக்கப்படி அடிவயிற்றில் வெந்நீரை வீசி ஊற்றுவதும், வயிற்றில் எண்ணெய் தேய்த்து நீவுவதும் அப்படித்தான். ஆறாவது வாரப் பரிசோதனை முடியும்வரை வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். மகளுக்குத் தண்ணீர் அளந்து கொடுக்கிறீர்களா? "பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும்" என்று டெல்டாவில் இன்றும் பல வீடுகளில் தம்ளரை மறைத்து வைக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கினால் தையலுக்கும் இடுப்புத் தளத்துக்கும் எந்தக் கட்டையும்விடப் பெரிய அழுத்தம் விழும். இரத்தம் உறைவதற்கும் அது ஒரு காரணமாகும். கொதித்து ஆறிய தண்ணீரைத் தாகத்துக்கு மேலேயே கொடுங்கள். பால்சுறாப் புட்டும் பூண்டும் பிரசவ லேகியமும் அளவோடு நடக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. மகளை வீட்டுக்குள் அவ்வப்போது நடக்கவும் விடுங்கள்.

வயிறு உள்ளே போக வேண்டும் என்றால் வேலை செய்ய வேண்டியது தசை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, மூச்சை வெளியே விடும்போது தொப்புளை மெதுவாக முதுகுப் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். கூடவே சிறுநீரை அடக்குவதுபோல் கீழே இறுக்கி, ஐந்து எண்ணி, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போதே நடுவில் நிறுத்திப் பழக வேண்டாம். படுக்கையிலிருந்து நேராக எம்பி எழாமல், ஒருக்களித்துக் கையூன்றி எழ வேண்டும். ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம் அறவே கூடாது.

எட்டு வாரம் ஆனதும் ஒரு சோதனை செய்யலாம். மகளை மல்லாந்து, முழங்காலை மடித்துப் படுக்க வைத்து, தலையை மட்டும் சற்றுத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கத் தசைகளுக்கு நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, நடுவில் மேடு எழும்பினாலோ, கசிவு அப்போதும் நிற்காவிட்டாலோ இயன்முறை மருத்துவரிடம் வாருங்கள். இடைவெளியைத் துணி மூடாது. பயிற்சியால் பலருக்குக் குறையும். காய்ச்சல், தையலில் சிவப்போ சீழோ, துர்நாற்றமுள்ள போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைகிற இரத்தப்போக்கு, விடாத தலைவலி, இதில் எது வந்தாலும் எட்டு வாரம் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை.

மருமகளுக்கு வருகிறேன். கர்ப்பத்தில் வயிற்றின் மேல் சுற்றி இறுக்கும் கட்டு கூடவே கூடாது. ஜப்பானில் ஐந்தாம் மாதம், அவர்களின் பழைய நாள்காட்டிப்படி நாய்க்குரிய நாள் ஒன்றில் கர்ப்பிணிக்கு வயிற்றுத் துணி கட்டும் சடங்கு உண்டு, நாய்க்குப் பிரசவம் எளிது என்ற நம்பிக்கையில். அங்கேயும் அது தாங்குவதற்கான கட்டு, இறுக்குவதற்கானது அல்ல. உங்கள் மருமகளுக்கும் அந்த அளவே: வயிற்றுக்கு அடியில் ஏந்தி, இடுப்பைச் சுற்றிப் போகிற கர்ப்பகால பெல்ட், மருத்துவரைக் கேட்டு, நிற்கும் நேரத்தில் மட்டும், நடுநடுவே கழற்றி. இரவில் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுத்தால் காலையில் இடுப்பு லேசாக இருக்கும்.

பெல்ட்டைவிட அவளுக்கு நாற்காலி முக்கியம். கடை ஊழியர்களுக்கு இருக்கை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உட்கார இடம் கேட்பது சலுகை கேட்பதல்ல, தயங்காமல் கேட்கட்டும். அவள் தயங்கினால் வீட்டிலிருந்து ஒருவர் போய்க் கேளுங்கள். அரைமணிக்கு ஒருமுறையாவது ஐந்து நிமிடம் உட்கார வேண்டும்.

வலி விட்டு விட்டு வந்து, ஒவ்வொரு முறையும் வயிறு கல்லாக இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, காய்ச்சலோடு நீர்க்கடுப்பு இருந்தாலோ அதற்குப் பெல்ட் மருந்தல்ல. கடை முடியட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே கும்பகோணம் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.