ஸ்டீல் பேந்தர்: கேலியா, கொண்டாட்டமா?

ஸ்டீல் பேந்தர் என்ற அமெரிக்க ராக் குழுவினர், 80-களில் பெரிய முடியும் மேக்கப்புமாய் வந்த ராக் இசையான கிளாம் மெட்டலைக் கேலி செய்கிறார்களா, கொண்டாடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். கேலி வரிகளிலும் வேஷத்திலும் இருக்கிறது. வாசிப்பில் துளியும் இல்லை.

2000-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, அங்குள்ள சன்செட் ஸ்ட்ரிப் தெருவின் கிளப்களில் வாராவாரம் 80-களின் பாடல்களை வாசித்தே தேறியவர்கள். கிதார் கலைஞர் சாட்செல், ஜூடாஸ் ப்ரீஸ்ட் மெட்டல் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் ஃபைட் குழுவில் இருந்தவர். அந்தக் கைத்திறன் இல்லாமல் இந்த நகைச்சுவை நிற்காது. 2021 வரை பேஸ் வாசித்த லெக்சி ஃபாக்ஸ், மேடையிலேயே கண்ணாடி பார்த்து உதட்டுக்குப் பளபளப்பு பூசுவார்.

இவர்களைப் போலச் செய்ய நினைப்பவர்கள் விக்கில் தொடங்குகிறார்கள், அங்கேதான் சறுக்கல். முதலில் கோரஸ் குரல்களை அடுக்கிப் பழகுங்கள்: மெயின் மெலடி, அதற்கு மேலே ஒரு குரல், கீழே ஒன்று. அது சுருதி பிசகினால் மிச்சமிருப்பது மாறுவேடப் போட்டிதான். 2009-இல் வந்த 'ஃபீல் தி ஸ்டீல்' ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். வரிகள் பச்சை, பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.